குடத்து வாயும் ஆற்று வாயும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போய்ப் பழகியவர்கள் வல்லை வெளியின் காற்றை மறந்திருக்க மாட்டார்கள். எதிர்க்காற்று என்றால் இறங்கி உருட்டத்தான் வேண்டும். மாரியில் அந்த வெளி கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கோடையில் அதே இடம் வெடித்த சேறு. சேற்றின்மேல் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். இந்த நீர்ப்பரப்பு வடக்கே ஒடுங்கிப்போய்க் கடலோடு சேரும் இடந்தான் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதிக்குப் போகிறவர்கள் அங்கே பாலத்தைக் கடக்கும்போது முருகனை நினைப்பார்கள், அன்னதான மடங்களின் சாப்பாட்டை நினைப்பார்கள். பாலத்தோடு ஒட்டி நிற்கும் கதவுகளை நின்று பார்த்தவர்கள் குறைவு. பார்ப்பதற்கு அங்கே அழகாக ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். ஒரு பக்கம் கடல்நீர், மறு பக்கம் களப்பு நீர், நடுவே ஒரு தடுப்பு.

நேயர்களே, அந்தத் தடுப்பின் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன். குடிதண்ணீரைச் சேர்த்து வைப்பது எப்படி, சேர்த்ததைக் கெடாமல் காப்பது எப்படி என்று எங்கள் குடாநாடு பட்ட பாட்டின் கதை அது. அதைச் சொல்ல அணைக்கட்டிலிருந்து தொடங்கினால் போதாது. எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் இருந்த மண்பானைக்கும் போய்வர வேண்டும்.

முதலில் ஊரின் பெயர். யாழ்ப்பாண வைபவமாலை என்ற நூலை மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதினார். அதில் ஒரு தொண்டைமான் வருகிறான். கரணவாய், வெள்ளப்பரவை முதலிய இடங்களில் தானாக விளைந்த உப்பு அவனுக்குத் தேவைப்படுகிறது. மரக்கலங்கள் உள்ளே வந்து உப்பை ஏற்றிச் செல்வதற்காக அவன் ஆற்றை வெட்டுவிக்கிறான். இவன் யார் என்று ஆராய்ந்தவர்களில் சிலர், முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியின் நாயகனுமாகிய கருணாகரத் தொண்டைமானே என்று கொள்வர். வைபவமாலையின் காலக் கணக்கு எங்கும் நேராக நிற்பதில்லை. ஆகவே பரணித் தலைவனையும் இந்த உப்பு வணிகனையும் ஒருவனாக்கப் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. உப்பை வெளியே கொண்டுபோக ஒருவன் இந்த வாயைத் திறந்தான் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து, அதே வாயால் உப்பு உள்ளே வருவதைத் தடுக்க வேறு சிலர் முயன்றார்கள். இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றி எந்தப் பரணியும் பாடப்படவில்லை.

குடாநாட்டில் ஆறு கிடையாது. தொண்டைமானாறு, உப்பாறு, வழுக்கியாறு என்று பெயர் உண்டு. ஆண்டு முழுதும் ஓடுவது ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்களுக்கு நிலத்தடிதான் கதி. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளாலும் குகைகளாலும் இறங்கி உள்ளே தேங்குகிறது. அதற்கும் கீழே கடலின் உப்புநீர். நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே உப்புநீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கேணி இதற்குக் கண்கண்ட சாட்சி: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. 1880களின் இறுதியில் படோன் கைபன் என்ற ஒல்லாந்தப் படைப்பொறியியலாளரும், 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் தனித்தனியே கண்டது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்க இனிமையான கணக்கு. திருப்பிப் படித்தால் நெஞ்சு திக்கென்கும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பதடி போய்விடும். அந்த இடத்துக்கு உப்பு ஏறி வரும். 1658 முதல் 1795 வரை எங்களை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டவர் ஒருவரே பிற்காலத்தில் எங்கள் கிணற்றின் இரகசியத்தைக் கணக்காக எழுதினார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

கணக்குத் தெரியாத காலத்திலும் ஊர் இதை அறிந்திருந்தது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் ஒருவன் எவ்வளவுதான் துலா மிதித்தாலும் கிணறு வற்றும் அளவுக்கு இறைக்க முடியாது. மனிதன் களைக்குமுன் ஊற்று ஊறிவிடும். நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. அது வந்தபிறகுதான் கரையோரக் கிணறுகள் பல சவர்க் கிணறுகளாயின.

ஊரில் கிணறுகள் பல இருக்கும். நல்லதண்ணிக் கிணறு ஒன்றோ இரண்டோ. குளிப்பு, தோய்ப்பு, பயிர் எல்லாம் வீட்டுக் கிணற்றில். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் நல்லதண்ணி. பின்னேரத்தில் பெண்கள் குடத்தோடு போவார்கள். அந்த ஒரு குடம் மறுநாள் வரை வரவேண்டும். ஆகவே அதைக் காப்பது வீட்டின் பெரிய காரியம். எங்கள் அம்மம்மா குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டித்தான் தண்ணீர் வார்ப்பா. பானையை மணலின்மேல் இருத்தி, மேலே மூடி, மூடிக்குமேல் செம்பு. கையைப் பானைக்குள் விட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பூசைதான். மூக்குப்பேணியில் அண்ணாந்து குடிக்க வேண்டும், உதடு படக்கூடாது. அண்ணாந்து குடிக்கத் தெரியாத நான் நெஞ்செல்லாம் நனைத்துக்கொண்டு நிற்பேன்.

இந்தப் பழக்கங்களில் எல்லாம் சாதியின் கறையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. யார் கிணற்றில் அள்ளலாம், யாருக்குக் கையிலே ஊற்ற வேண்டும் என்று வகுத்தவர்களும் இதே மூக்குப்பேணிக்காரர்தாம். நல்லதண்ணிக் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று, யாராவது அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்த மக்களின் தாகம் எங்கள் இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. தூய்மை என்ற சொல் எங்கள் ஊரில் இரண்டு வேலை செய்தது. ஒன்று நோயைத் தடுத்தது; மற்றது மனிதனைத் தடுத்தது.

சந்நிதியில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே பூசை செய்பவர் மந்திரம் சொல்வதில்லை. துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். சிறுவயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மம்மாவின் குடந்தான் நினைவுக்கு வரும். எச்சில் படக்கூடாது, மூச்சுப் படக்கூடாது என்று வாயைக் கட்டுவதில் கோயிலும் அடுப்படியும் ஒன்றாகத்தான் இருந்தன.

கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றான்கொட்டை. பானையின் உட்புறத்தில் அதை உரைத்துவிட்டு நீர் ஊற்றி வைத்தால் சேறு அடியில் படிந்துவிடும். சங்கப் பாட்டில் இந்த மரத்துக்கு இல்லம் என்று பெயர். கலித்தொகையில் அதன் விதை கலங்கிய நீரைத் தெளிவிக்கும் செய்தி உவமையாக வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான அறிவு என்று நாங்கள் பெருமைப்படலாம். ஆனால் தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று நம்பிவிட்டதும் அதே அறிவின் பிழை. கொட்டை சேற்றை இறக்கும். கிருமியை முற்றாகக் கொல்லாது.

அந்தப் பிழைக்கு யாழ்ப்பாணம் கொடுத்த விலை பெரிது. 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி திரும்பத் திரும்ப வந்தது. 1866இல் வந்தது மிகக் கொடியது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியராக இருந்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கித் தந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அந்த நாட்களையும் கண்டவர். இலண்டனில் ஜோன் ஸ்னோ, ஒரு தெருக்குழாயின் தண்ணீரே வாந்திபேதியைப் பரப்புகிறது என்று 1854இலேயே காட்டியிருந்தார். வைத்திய உலகம் அதை உடனே ஏற்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1884இல், ரொபேர்ட் கொக் என்ற ஜேர்மனிய அறிஞர் கல்கத்தாவில் அந்தக் கிருமியை ஒரு குளத்து நீரில் கண்டுபிடித்தார். மக்கள் குளித்து, துணி தோய்த்து, அதையே மொண்டு குடித்துவந்த குளம் அது.

கல்கத்தாவிலேயே நூறாண்டு கழித்து நடந்த இன்னோர் ஆய்வு என் மனத்தில் நிற்கிறது. 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. சேரிகளில் வாந்திபேதி கண்ட வீடுகளைத் தெரிந்தெடுத்து, சில வீடுகளுக்குக் குளோரின் கலந்த நீர், சில வீடுகளுக்குக் கழுத்து ஒடுங்கிய மண்கூசா என்று கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கூசாவை அங்கே சொராய் என்கிறார்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் கை நுழையும்; கூசாவில் நுழையாது, சரித்து ஊற்றத்தான் முடியும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வீடுகளில் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. கிணற்றிலோ குழாயிலோ நல்லதாக இருந்த நீர் வீட்டுப் பாத்திரத்தில் கெட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 2005இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் பித்தளைக் குடத்தில் விட்ட நீரில் குடற்கிருமிகள் இரண்டு நாளில் செத்துவிடுவதைக் காட்டினார்கள். அம்மம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. கை விடாதே என்பது மட்டும் தெரியும்.

இனி மறுபடியும் ஆற்றங்கரைக்கு வருவோம்.

வடமராட்சிக் களப்பும் உப்பாற்றுக் களப்பும் குடாநாட்டின் உடம்புக்குள் நீண்டு கிடக்கும் இரண்டு உப்புநீர்க் கைகள். முன்னதன் வாய் வடக்கே தொண்டைமானாற்றில். பின்னதன் வாய் தெற்கே அரியாலைப் பக்கத்தில். மாரியில் வயல்வெளிகளிலிருந்து வடியும் வெள்ளமெல்லாம் இவற்றில் விழுந்து கடலுக்குப் போகிறது. கோடையில் கடல் உள்ளே வருகிறது. எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு இரண்டடி அளவுதான். அந்த இரண்டடியே களப்பின் கரையெங்கும் உள்ள கிணறுகளைச் சவராக்கப் போதும். நல்ல நீர் ஓடிப்போகிறது, கெட்ட நீர் ஏறி வருகிறது. வாயில் ஒரு கதவு வைத்தால் என்ன? கேள்வி எளிது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடமாகாண அரசாங்க அதிபராக நெடுங்காலம் இருந்த வில்லியம் துவைனத்தின் நாளிலேயே இந்த எண்ணம் பேசப்பட்டது. பிறகு சட்டசபை உறுப்பினர் கே. பாலசிங்கம் இதற்காக வாதாடினார். ஆனால் 1940களின் பிற்பகுதியில்தான் தொண்டைமானாற்றில் வேலை தொடங்கியது. 1950களின் முற்பகுதியில் தடுப்பணை முடிந்தது. சில ஆண்டுகளில் அரியாலையிலும் ஒன்று எழுந்தது.

கதவு வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். கழுவித் துப்புரவாக்கிய பானைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. முதல் மழை விழும்போது கதவு திறந்திருக்க வேண்டும். கோடை முழுதும் களப்பின் அடியில் படிந்த உப்பை அந்த வெள்ளம் கரைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அதாவது பானையை அலம்பி ஊற்றுவது. பிறகு மழை ஓயுமுன் கதவை இறக்க வேண்டும். கடைசி மழையின் நல்ல நீர் உள்ளே நிற்கும்; கோடையில் கடல் நுழையாது. நின்ற நீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கி, மிதக்கும் நன்னீரைத் தாங்கும். ஓராண்டில் உப்புப் போகாது. ஆண்டுக்காண்டு அலம்பினால்தான் குறையும். பிந்தி மூடினால் நிறுத்த நீர் இருக்காது; முந்தி மூடினால் உப்பும் உள்ளே, வயல்களும் வெள்ளத்தில். எப்போது என்பதுதான் முழு வித்தையும்.

1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை எழுதினார். இரு களப்புகளின் வாயை மூடுவது அவருக்குப் போதவில்லை. வன்னிக் காட்டில் பிறந்து கனகராயன் ஆறு முதலியவை கொண்டுவரும் வெள்ளம் ஆனையிறவுக் களப்பில் விழுந்து வீணாகிறது. அந்தக் களப்பையும் மேற்கிலும் கிழக்கிலும் அடைத்து நன்னீர் ஏரியாக்கி, முள்ளியானில் ஒரு கால்வாய் வெட்டி வடமராட்சிக் களப்பில் சேர்த்தால் குடாநாட்டுக்கு ஆறே கிடைத்துவிடும். கடலிடமிருந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்து நன்னீர்த் தாங்கியாக்கும் எண்ணத்துக்கு முன்மாதிரி உலகில் இருந்தது. ஒல்லாந்தர் 1932இல் தங்கள் தெற்குக்கடலின் வாயைப் பேரணையால் அடைத்தார்கள். சில ஆண்டுகளில் அது நன்னீர் ஏரியாயிற்று. ஆனால் ஹொங்கொங்கார் பிளவர் குடாவை மறித்துக் கடல்நீரை இறைத்து நன்னீர் நிரப்பியது 1968இல்தான். சிங்கப்பூரின் மரீனா தடுப்பணை திறக்கப்பட்டது 2008இல். உள்ளே நன்னீராயிற்று என்று அவர்கள் கொண்டாடியது 2010இல். தொண்டைமானாற்றுக் கதவு இவை இரண்டுக்கும் முந்தியது. ஊர் ஊராய்ப் போய் மரீனாவைப் படம் எடுத்து வருகிற எங்களவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நம்பாததற்குக் காரணமும் உண்டு. சிங்கப்பூரில் கதவு நின்றது. இங்கே கதவு நிற்கவில்லை. 1960களில் சுண்டிக்குளத்தில் கட்டிய அணையை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் கால்வாய் பாதி வெட்டியதோடு பணமில்லாமல் நின்றுபோயிற்று. தொண்டைமானாற்றில் மரப்பலகைகள். உப்புநீரில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் மரம் எத்தனை நாள் தாங்கும்? பலகை உக்கினால் மாற்ற வேண்டும். அதற்கு ஒவ்வோராண்டும் கொஞ்சம் பணம், கொஞ்சம் மரம், கவலைப்பட ஓர் ஆள். அணை கட்டும்போது அடிக்கல் நாட்ட மந்திரி வருவார். பலகை மாற்றும்போது ஒருவரும் வருவதில்லை. உக்கிய பலகையின் ஓட்டையால் கடல் வந்தது. ஒரு காலத்தில் சவர் குறைந்துவந்த களப்போரக் கிணறுகளுக்கு உவர் திரும்பியது.

பிறகு போர். 1987 மே மாத வடமராட்சிப் படைநடவடிக்கையோடு தொண்டைமானாறு என்ற பெயர் வேறு செய்திகளில் அடிபடத் தொடங்கியது. காவலரணும் முட்கம்பியும் உள்ள இடத்தில் கதவுப் பலகையைப் பற்றி யார் பேசுவது? 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரங்கள் ஓய்ந்தன. சிலர் பரணில் கிடந்த துலாவை மறுபடி நாட்டினார்கள். நிலத்தடி நீருக்கு அது ஓய்வுக்காலம் என்று பகிடியாகச் சொல்வார்கள். சிரிக்க முடியாத பகிடி.

1995 ஐப்பசி முப்பதாந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மழை. குடையை மல்லாத்திப் பிடித்து அதில் விழுந்த நீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள். அடுத்த கிழமைகளில் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் ஒரு கிணற்றைச் சுற்றிப் பத்துக் குடும்பம், இருபது குடும்பம். எங்கள் உறவினர் வளவில் இருந்த கிணற்றில் சுகாதார ஊழியர் ஒருவர் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டு, அரை மணித்தியாலம் ஒருவரும் அள்ளக்கூடாது என்று சொல்லிக் கட்டிலே குந்தியிருந்தார். வாளி வைத்திருந்தவர்கள் அவரைச் சுற்றி நின்று முணுமுணுத்தார்கள். மணத்தைக் கண்டு சிலர் குடிக்க மாட்டோம் என்றார்கள். அவர் வாயைத் திறக்காமல் முதற் கோப்பையைத் தானே அள்ளிக் குடித்தார். நூறு பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு மிடறு செய்தது. சமுதாய மருத்துவப் பேராசிரியராகவும் இருந்து, மலைக்கொழுந்து முதலான கதைகளையும் எழுதிய நந்தி இந்தக் காட்சியைக் கண்டிருந்தால் நல்ல சிறுகதை ஒன்று எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

போர் முடிந்த பின்னர் தொண்டைமானாற்றுக் கதவுகள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் கதவு போட்டதும் சண்டை தீரவில்லை. களப்பில் இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வர வேண்டும். அதற்கு வாய் திறந்திருக்க வேண்டும். கமக்காரனுக்கு மூடியிருக்க வேண்டும். இருவருக்கும் பிள்ளைகள் உண்டு, இருவர் வீட்டிலும் குடிக்க நல்லதண்ணி தேவை. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே 1970களில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணையில் இதே வழக்கு இன்றும் நடக்கிறது. அங்கே இன்னொன்றும் கண்டார்கள். கடல் வந்து அலம்பாத நீரில் ஆகாயத்தாமரை மண்டியது; வயல் மருந்தும் வீட்டுக் கழிவும் தேங்கின. மூடிய பானையையும் இடைக்கிடை கழுவத்தான் வேண்டும்.

எங்கள் நிலத்தடிப் பானைக்கோ அடியிலும் வாய் உண்டு. சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டி அனுப்புவதில்லை. வெடிப்பால் விழுந்தது விழுந்தபடி போகும். மலக்குழி ஒரு பக்கம், உரம் கொட்டிய வெங்காயத் தோட்டம் மறு பக்கம். நைத்திரேற்று என்ற பொருள் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. யாழ்ப்பாணத்தின் பல கிணறுகளில் அது மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் சொல்லி வந்திருக்கிறார்கள். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பாயிற்று. அதில் எண்ணெய் மணமாவது இருந்தது. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தேற்றான்கொட்டை உரைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தால் செறிவு கூடும்.

ஆகவேதான் வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் பேச்சு வந்தது. இரணைமடுவிலிருந்து கொண்டுவர நினைத்தார்கள். கிளிநொச்சிக் கமக்காரர் எங்கள் வயலுக்கே போதாது என்றார்கள், அதுவும் நியாயந்தான். கடைசியில் கடல்நீரையே நன்னீராக்குவது என்று முடிவாகி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. உப்பை வெளியே தள்ளத் தொண்டைமான் ஆறு வெட்டினான். உப்பு வராதிருக்க ஆறுமுகம் கதவு கேட்டார். இப்போது உப்பிலிருந்தே நீரைப் பிழிகிறோம். இதைக் குறை சொல்லமாட்டேன், தாகத்துக்கு வாதம் தெரியாது. ஆனால் மாரிதோறும் மழை இலவசமாகத் தருவதைக் காக்க ஒரு பலகைக்குக் காசில்லை என்றிருந்தோம் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

குழாய் வந்தால் கூடவே தாங்கி வரும். இப்போதே வீட்டு மாடிகளில் கறுத்த பிளாஸ்ரிக் தாங்கிகள் வரிசையாய் நிற்கின்றன. ஏற்றி வைத்த நாளிலிருந்து மூடியைத் திறந்து பார்க்காத வீடுகள் எத்தனை! அடியில் சேறு, காற்றில் சரிந்த மூடி, செத்த பல்லி. சுத்திகரித்த நீரில் எஞ்சி நிற்கும் சொற்பக் குளோரின் அந்தச் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். சரிந்த மூடியால் இன்னொருவரும் வருவார். டெங்கு நுளம்பு நல்ல நீரில்தான் முட்டையிடும் என்று படித்திருந்தோம். அது உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து 2011இல் எழுதினார்கள். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்கழியில் மன்னாரில் இந்தியாவின் நகர மலேரியா நுளம்பு பிடிபட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும். அதற்குப் பிடித்த இருப்பிடம் கிணறும் மூடாத தொட்டியும்.

சென்ற தை மாதம் சந்நிதிக்குப் போனபோது பாலத்தில் இறங்கிச் சற்று நேரம் நின்றேன். மழை விட்டு நாலைந்து நாள். களப்புப் பக்கத்தில் இறங்கி ஒரு கை நீரை நாவில் வைத்துப் பார்த்தேன். சவர் இருந்தது, கடலின் உப்பு இல்லை. கரையில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். என்னை யாரோ உத்தியோகத்தர் என்று எண்ணினார் போலும்.

"தம்பி, கதவை எப்ப திறப்பினம்?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். அச்சுவேலிப் பக்கம் திரும்பி வரும்போது வயல் வரம்பில் நின்ற இன்னொருவரிடம் வழி கேட்டேன். வழியைச் சொல்லிவிட்டு அவர் கேட்டது: "பாலத்தாலோ வாறியள்? கதவை வடிவா மூடினவையோ?"